இரண்டு லிட்டர்

இந்த நாற்காலிக்குக் கைப்பிடி கிடையாது. எங்களைப் போன்றவர்களுக்காகவே யோசித்துப் போட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களில் நான் எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்து வரும், இங்கே அந்த அவமானம் இல்லை, நிம்மதியாக உட்கார்ந்து கையில் கொடுத்த தாளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை உங்களுக்குச் சரியானதா என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கிறது, கீழே பன்னிரண்டு கேள்விகள். பேனாவை நூலால் அட்டையோடு கட்டியிருக்கிறார்கள், எங்கள் ரேஷன் கடையில் நான் கட்டிவைப்பது போலவே, பேனா திருட்டுக்கு மட்டும் மதுரை விருதுநகர் என்ற பேதம் இல்லை போலிருக்கிறது. பெயர் சொர்ணகலா, வயது நாற்பத்திரண்டு, உயரம் நூற்றைம்பத்திரண்டு, எடை தொண்ணூற்றேழு, வேலை நியாயவிலைக் கடை விற்பனையாளர். மளமளவென்று எழுதிவிட்டேன். முழங்கால் வலிக்கிறதா, ஆம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, ஆம். குறட்டை உண்டா, அதை என் வீட்டுக்காரரைத்தான் கேட்கவேண்டும், ஆம் என்றே போட்டேன். ஐந்தாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. இதற்கு முன் எடையைக் குறைக்க உண்மையாக முயன்றீர்களா? முயன்றீர்களா என்று மட்டும் கேட்டால் என்ன குறைந்துவிடும்? உண்மையாக என்று ஒன்றை எதற்கு நடுவில் சொருகவேண்டும்? ஆறாவதுக்குப் போகலாம் என்று பார்த்தால் கண் மறுபடி ஐந்தாவதிலேயே வந்து நிற்கிறது, செருப்பில் ஏறிய முள் மாதிரி, எந்தப் பக்கம் காலை வைத்தாலும் அங்கேதான் குத்துகிறது.

அண்ணன் இப்போதுதான் எழுந்து போனான். "ஒரு வாய் டீ குடிச்சிட்டு வாரேன், நீ இருத்தா" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு வாய் என்றால் அவனுக்கு நிஜமாகவே ஒரு வாய்தான். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், டீ, ரசம், மோர், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். மருந்து பாட்டில் மூடியால் அளந்து குடிக்கிறான், குடித்ததைச் சட்டைப்பை நாட்காட்டியில் குறித்துவைக்கிறான். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு இரண்டு வருடம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் மெஷினில் படுத்து ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வருகிறான், வந்து அன்று முழுவதும் துவைத்துப் பிழிந்த துணியாகக் கிடக்கிறான். இன்று புதன், அதனால் என்னோடு பஸ் ஏறி வர முடிந்தது. சிறுநீரகம் கொடுக்க ஆள் தேடியபோது அண்ணன் பெண்டாட்டி, மதினிக்குச் சர்க்கரை, அவர்கள் பையன் பள்ளிக்கூடம் போகிறவன், அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மிஞ்சியது நான். ரத்தம் பொருந்தியது, மற்றச் சோதனைகளும் ஒவ்வொன்றாகப் பொருந்தின. "உங்க கிட்னி ரெண்டும் அருமையா இருக்கும்மா, எடை ஒண்ணுதான் இடிக்குது, எண்பதுக்குக் கீழ வாங்க, எடுத்துரலாம்" என்றார் டாக்டர். எடுத்துரலாம் என்பதை மரத்திலிருந்து மாங்காய் பறிப்பதுபோலச் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன், மதினி அங்கேயே என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆறு மாதம் கொடுத்தார்கள். ஆறு மாதம் முடிந்து தொண்ணூற்றாறாகப் போனவள் தொண்ணூற்றேழாக வந்து நின்றேன். அதனால்தான் இப்போது இந்த மாடி, இந்த நாற்காலி, இந்தத் தாள். இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கிவிட்டால் ஒரு வருடத்துக்குள் எடை தானாக இறங்கிவிடுமாம், பிறகு சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வார்களாம். கடைசி முடிவு உங்களுடையதுதான், உங்கள் உடம்புக்கும் நல்லதா என்று யோசித்துச் சொல்லுங்கள் என்று தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

எங்கேயோ ஒரு ஸ்டீல் தட்டில் ஏதோ விழுந்தது. கிணிங் என்று. என் மகள் பிறந்தபோது வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள், இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது, காது மட்டும் முழித்துக்கொண்டிருந்தது, கத்தரிக்கோலையும் கிடுக்கியையும் ஒவ்வொன்றாகத் தட்டில் போடுகிற சத்தம், கிணிங், கிணிங். என்னைச் சமையல் செய்கிறார்கள் என்று நினைத்தேன். வலியே இல்லை, சத்தியமாக இல்லை, ஆனால் அந்தச் சத்தத்தில் இது என் உடம்பு இல்லை என்று ஆகிவிட்டது, எவருடைய அடுக்களையிலோ கிடக்கிற மீன் என்று ஆகிவிட்டது. பதினாறு வருடம் கழித்தும் வீட்டில் யாராவது கரண்டியைக் கீழே போட்டால் எனக்கு முதுகு வேர்க்கும். இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? தொண்ணூற்றேழு கிலோ பொம்பளை, கடையில் கடுகடுவென்று நிற்கிறவள், வரிசையில் இடிக்கிற ஆம்பிளைகளை ஒரு அதட்டலில் ஒதுக்குகிறவள், கரண்டிச் சத்தத்துக்குப் பயப்படுகிறாள் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அண்ணன் சிரிக்கமாட்டான். அவனிடம்தான் சொல்ல முடியாது.

முதல் மூன்று மாதம் உண்மையாகத்தான் இருந்தேன். அதை எழுதலாமே, பாதி உண்மை என்று ஒரு கட்டம் இருந்தால் டிக் அடித்துவிடலாம். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி கோதுமைக் கஞ்சி. கடை அடைத்தபிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூட்டை போடுகிற தராசில் ஏறி நிற்பேன். தொண்ணூற்றுமூன்று. தொண்ணூறு. எத்தனை வருடம் அந்தத் தராசில் அரிசி போட்டிருக்கிறேன், யாருக்கும் ஒரு கிராம் குறைத்தவள் இல்லை, சாக்குக்கு உள்ள எடையைக் கழித்துத்தான் போடுவேன், அந்தப் பெருமை எனக்கு உண்டு. எண்பத்தைந்து அறுநூறு என்று காட்டிய அன்று சாயங்காலம் இறங்கவே மறந்து நின்றேன். இன்னும் ஆறு கிலோ என்று மனசு கணக்குப் போட்டது. இன்னும் ஆறு கிலோ, அப்புறம் கிணிங். பயம் வந்தால் வேர்க்கும், நடுங்கும் என்பார்கள், எனக்கு அப்படி வரவில்லை, பசியாக வந்தது. மறுநாள் இங்கே மாதாந்திர எடை. பஸ்ஸைவிட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் இரண்டு தண்ணீர் பாட்டில் வாங்கினேன், ஐஸ்பெட்டியில் இருந்தது. கடை வாசல் வேப்பமரத்தடியில் நின்று இரண்டையும் குடித்தேன், மூச்சுவிட நிறுத்தினால் மனசு மாறிவிடும் என்று நிறுத்தாமல் குடித்தேன், நெஞ்சு அடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, வழிந்து ரவிக்கை நனைந்தது. அப்படியே போய் எடைக்கு நின்றேன். எண்பத்தெட்டு. எடைக்கல்லை இடுப்பில் கட்டிக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான் பாக்கி. டயட்டீஷியன் பொண்ணு முகம் சுண்டிப்போய், "போன மாசம் நல்லா எறங்குச்சே ஆன்ட்டி, பரவால்ல, சில பேருக்கு நடுவுல இப்படி நிக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்தப் பிள்ளை ஆறுதல் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதைவிட, முக்கால் லிட்டருக்கு மூடியால் அளந்து குடிக்கிற ஒருவனுக்குத் துரோகம் செய்ய எனக்குத் தண்ணீரா கிடைத்தது? உப்பைத் தின்றிருக்கக்கூடாதா, மண்ணைத் தின்றிருக்கக்கூடாதா? அவனுடைய மூன்று நாள் தண்ணீரை மூன்று நிமிஷத்தில் குடித்துவிட்டு ஏப்பம் விட்டேனே.

அதற்குப் பிறகு தண்ணீர் தேவைப்படவில்லை, அந்தப் பசியும் ஞாயிற்றுக்கிழமைகளும் பார்த்துக்கொண்டன. ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போவது வழக்கம். எண்ணெய்ப் பரோட்டா வாங்கி வைத்திருப்பான், எங்கள் விருதுநகர்ப் பரோட்டா எண்ணெயில் பொரித்து முறுமுறுவென்று இருக்கும், ஐந்து, ஆறு, சால்னா தனியாக. அவனுக்கு அதெல்லாம் ஆகாது. எனக்கு எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். "நீ தின்னுத்தா, நான் பாக்கிறேன், எனக்கு அதுவே தின்ன மாதிரி" என்பான். டாக்டர் கூடாது என்றாரே என்று ஒப்புக்குச் சொல்வேன். "ஒரு நாள்ல என்னத்த ஏறிரப் போவுது" என்பான். நான் தின்பேன். வாயில் போட்டுக்கொண்டே, பாவி, இவன் வாங்கிக்கொடுக்கிறதைத் தின்றே இவனை ஏய்க்கிறோமே என்று நினைப்பேன், நினைத்துக்கொண்டே அடுத்ததைப் பிய்ப்பேன். மதினி அந்த நேரத்தில் எங்கள் பக்கமே வரமாட்டாள். ஒருநாள் கை கழுவப் போனபோது அடுக்களைக்குள் அண்ணனிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது. "இது பாவம், சொல்லிட்டேன், கடவுளுக்கே அடுக்காது." பிறகு ஒரு பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். கிணிங். கண்டுபிடித்துவிட்டாள். என்னைத்தான் சொல்கிறாள். வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு போனாள், நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கப்புறமும் அடுத்த ஞாயிறு போனேன், தின்றேன். வெட்கம் கெட்ட வயிறு என்று இதைத்தான் சொல்வார்கள்.

ஒன்பதாவது கேள்வி. யாருடைய வற்புறுத்தலாலாவது இந்தச் சிகிச்சைக்கு வந்திருக்கிறீர்களா? யாரும் வற்புறுத்தவில்லை, அதுதான் கஷ்டம். வற்புறுத்தினால் சண்டை போடலாம். என் வீட்டுக்காரர்கூட, "ஒங்க அண்ணன், ஒன் ஒடம்பு, நான் என்ன சொல்ல" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். எனக்கே எனக்கென்று கேட்டால் இந்த ஆபரேஷன் வேண்டுமா? வேண்டும் போலத்தான் இருக்கிறது. கடையில் எட்டு மணிநேரம் நிற்கிற முழங்கால் வேண்டும் என்கிறது. பஸ்ஸில் என் பக்கத்து இடத்தைப் பார்த்துவிட்டு யோசிக்கிறார்களே, அந்த யோசனை இல்லாமல் ஒரு நாள் போய்வர ஆசையாக இருக்கிறது. டாக்டர் படம் போட்டுக் காட்டினார், இரைப்பையை ஒரு வாழைக்காய் அளவுக்கு வைத்துவிட்டு மீதியை எடுத்துவிடுவார்களாம், முதலில் கஞ்சித் தண்ணீர்தான், பிறகு பிசைந்த சோறு, ஒரு இட்லிக்கே வயிறு போதும் என்றுவிடுமாம், சத்து மாத்திரை ஆயுசுக்கும் போடவேண்டும், முடி கொட்டும், ஆபத்து குறைவுதான் ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். அதெல்லாம்கூடச் சரி. மெலிந்தபிறகு எனக்கு ஒளிந்துகொள்ள இடம் இல்லை, அதுதான் விஷயம். இந்தக் கொழுப்புதான் இப்போது என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, இதைக் கொடுத்துவிட்டால் அடுத்தது சிறுநீரகத்தையும் கொடுக்கவேண்டும். இன்றைக்கு உள்ளே போய், யோசித்துப் பார்த்தேன், எனக்கு இது சரிப்படாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். பாவம் அவளும் எவ்வளவோ பார்த்தாள், உடம்பு வாகு அப்படி என்பார்கள். அண்ணனும் அதைத்தான் சொல்வான், சொல்லிவிட்டுச் சிரிப்பான், சிரித்தால் மேல்வரிசையில் அந்த அரைப்பல் தெரியும். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது என்னைப் பூசணி என்று கூப்பிட்ட பயல்கள் நாலு பேரோடு ஒண்டியாகச் சண்டை போட்டு உடைத்துக்கொண்ட பல். சட்டைப்பையில் பல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, அம்மாட்ட சொல்லாத, சைக்கிள்ல விழுந்தேன்னு சொல்லு என்றான். அவனுக்காக நான் சொன்ன முதல் பொய் அது. அவனிடம் சொல்கிற பொய்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன் இப்போது. எனக்காக ஒரு பல்லைக் கொடுக்க அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நான் ஒன்பது மாதமாக யோசிக்கிறேன்.

பொங்கல் வாசனை. மிளகும் நெய்யும். பசித்த வயிறு கற்பனை பண்ணுகிறது என்று நினைத்தேன், நிமிர்ந்தால் அண்ணன் நிற்கிறான், கையில் இலைப் பொட்டலம்.

"ஏத்தா, மொகமே வாடிப் போச்சு. பொங்கலும் வடையும். சூடா இருக்கு, ரெண்டு வாய் போட்டுக்க."

"அண்ணே, வெறும் வயித்தோட இருக்கணும்னு நர்ஸு ஒன் முன்னாலதான சொல்லுச்சு."

"அவங்க சொல்லத்தான் செய்வாங்க. ஒரு வடை தின்னா யாருக்குத் தெரியப் போவுது."

"கொழாய விட்டு வயித்தப் பாக்கப் போறாங்கண்ணே. ஒரு பருக்கை கெடந்தாலும் திருப்பி அனுப்பிருவாங்க. அப்புறம் அடுத்த மாசந்தான் தேதி."

"அடுத்த மாசம் வந்தா என்ன, குடியா முழுகிரும்?"

என்னைப் பார்க்காமல் சொன்னான். நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தான், இடது கையில் மெஷினுக்காக ஒட்டவைத்த நரம்பு புடைத்துக்கொண்டு துடித்தது. மறந்துவிட்டான் போல என்று முதலில் நினைத்தேன். மறக்கிறவனா இவன்? நாலு மூடி மோர் குடித்தால் நாட்காட்டியில் எழுதுகிறவன், தன் மாத்திரை ஒன்பதுக்கும் பெயர் சொல்கிறவன், காலையில் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா முறுக்கு நீட்டியபோது, தங்கச்சிக்கு இன்னிக்கு ஆகாது என்று எனக்கு முன்னால் பதில் சொன்னவன். அப்போது பஸ் வழியில் வருகிற கள்ளிக்குடியைக்கூடத் தாண்டவில்லை, பஸ் முழுக்க ஊர்க்காரர்கள் இருந்தார்கள். இங்கே எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எனக்குள் ஏதோ ஒன்று மெதுவாகத் திரும்பிப் படுத்தது. ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாக வந்து நின்றன. முக்காலி. ஒரு நாள்ல என்னத்த ஏறிரப் போவுது. நான் வேண்டாம் என்ற அன்றைக்கெல்லாம் இன்னும் இரண்டு கூட வாங்கிவந்தது. இது பாவம், சொல்லிட்டேன். மதினி என்னைச் சொல்லவில்லை.

"அண்ணே. தெரிஞ்சேதான் செய்றியா?"

பொட்டலத்தோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். எண் கூப்பிடுகிற பெட்டி இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது, எங்கள் எண் இல்லை.

"மூணு மாசம் நீ எளச்ச பாரு. வாரா வாரம் வந்து நிப்ப, ரவிக்கை தொளதொளன்னு தொங்கும். அந்த மூணு மாசம் எனக்கு ஒறக்கமே இல்லத்தா. ஒனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, ஒன் கிட்னிய வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு நான் எப்பிடிச் சோறு திங்கிறது?"

"வேண்டாம்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லணும்னுதான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் உக்காருவேன்." மடியில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தான். "வாய் வரல. எனக்கும் உசுரு மேல ஆசை இல்லாமலா இருக்கு."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்கமாட்டேன், இதையும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை. கதவு திறந்துவிட்டது, அவனே வேண்டாம் என்கிறான், வடையைத் தின்றுவிட்டு ஊருக்குப் போகலாம், யார் மேலும் தப்பு இல்லை. பிறகு கோபம் வந்தது, என் உடம்பை வைத்து எனக்குத் தெரியாமல் இவன் என்ன விளையாட்டு விளையாடுகிறான் என்று. அதுவும் நிற்கவில்லை. ஒரே பரோட்டாவைத்தான் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவன் எனக்காகப் பயந்து வாங்கினான். நான் எனக்காகப் பயந்து தின்றேன். அவன் இவ்வளவு நாள் என்னைக் கெடுத்துவிட்டோமே என்று உறக்கமில்லாமல் கிடந்திருப்பான், அந்தப் பாரத்தையும் அவன் தலையில் வைத்துவிட்டு நான் நல்லவளாக எழுந்து போகமுடியாது.

"நீ வாங்கித் தராட்டியும் நான் தின்னுருப்பேண்ணே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "அதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சிட்டேன். நாலாவது வாட்டி எடை போட வந்தன்னிக்கு, எதுத்த கடையில ரெண்டு லிட்டர் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வந்துதான் மிஷின்ல நின்னேன். கூடக் காட்டணும்னு. ஆபரேஷனுக்குப் பயந்துகிட்டு."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ரெண்டு லிட்டரா?"

"ஆமா."

"நிறுத்தாமலா?"

"நிறுத்தாமத்தான்."

உதட்டை ஒருதரம் நாக்கால் தடவிக்கொண்டான், உதடு வெள்ளையாக வெடித்திருந்தது.

"ஜில்லுன்னு இருந்துச்சாத்தா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வெந்நீர் மாதிரி இருந்தது, குமட்டியது என்று சொன்னால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் இவனிடம் இனி ஒரு பொய்கூட என்னால் முடியாது.

"ஆமாண்ணே. ஜில்லுன்னு இருந்துச்சு."

கண்ணை மூடிக்கொண்டான். வெறும் வாயை விழுங்கினான். பிறகு மெதுவாகச் சிரித்தான், அந்த அரைப்பல் தெரிய, யாரோ அவனுக்கே ஒரு சொம்பு கொடுத்துவிட்ட மாதிரி. நான் அட்டையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஐந்தாவது கேள்விக்கு இல்லை என்று எழுதினேன், எழுத்து நனைந்து பரவியது. ஒன்பதாவதுக்கும் இல்லை என்றுதான் எழுதினேன், யாரும் வற்புறுத்தவில்லை, ஒருவன் ஆறு மாதமாகப் பரோட்டா வாங்கிக்கொடுத்து வேண்டாம் என்றுதான் தடுத்திருக்கிறான். பெட்டி அடித்தது, எங்கள் எண். அண்ணன் என் முந்தானை நுனியைப் பிடித்தான், சின்னப் பிள்ளையில் சாலையைக் கடக்கும்போது நான் அவன் சட்டையைப் பிடித்த மாதிரி. "வேண்டாத்தா, வா போயிரலாம்" என்றான். பிடி அவ்வளவு அழுத்தமாக இல்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன், இலையை மடித்து, நூலை மறுபடி சுற்றி, அவன் மடியில் வைத்தேன்.

"இது ஒனக்கு ஆகாது. பசிக்கிறவங்க யாருக்காச்சும் குடுத்துரு" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நாற்காலி கூட வரவில்லை. பயம் வந்தது. வரட்டும் என்று அதையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.